கிலோவுக்கு ஒரு போர்வை

திருப்பூரில் பின்னல் துணியை யாரும் மீட்டரில் கேட்பதில்லை. அது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்; அளவுகோலுக்கு அடங்காது. நூல் வாங்குவது, துணி ஓட்டுவது, சாயம் போடுவது, வெட்டியபின் மிஞ்சும் துண்டை விற்பது எல்லாமே இங்கு கிலோ கணக்கு. துணி கனமா லேசா என்று பார்ப்பதற்கும் எடைதான். நூறு சதுர சென்டிமீட்டர் வரும்படி வட்டமாக ஒரு துண்டை வெட்டிச் சின்னத் தராசில் வைக்கிறார்கள். வந்த கிராமை நூறால் பெருக்கி, இது நூற்று அறுபது, இது நூற்று எண்பது என்று சொல்லிவிடுகிறார்கள். சதுர மீட்டருக்கு அத்தனை கிராம். ஊர் பாஷையில் ஜி.எஸ்.எம்.

நான் போன காரியம் ஒட்டுப் போர்வை. விதவிதமான துண்டுகளை இணைத்து மேல்பக்கம், அடியில் ஒரு முழுத் துணி, வேண்டுமானால் நடுவே பஞ்சு, எல்லாம் நகராமல் இருக்க ஊடே தையல். வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி என்று இதற்கு நாடெங்கும் உறவுகள் உண்டு. தமிழ்நாட்டு வெயிலில் இந்த வேலை அவ்வளவாக வேர் பிடிக்கவில்லை. பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து, ஓரம் அடித்து, கைப்பிள்ளைக்கு விரித்ததோடு நம் வீடுகளில் நின்றுவிட்டது. ஆனால் துணி சேர்க்கும் பழக்கத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. பிளவுஸ் தைத்த மிச்சம், பாவாடையிலிருந்து பிரித்த கரை, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன டி-ஷர்ட், கொலுவுக்குப் போன வீட்டில் வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துண்டு. என் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு மூட்டை இருக்கிறது. பாதி தைத்து நின்றுபோன மேல்பக்கங்களும் அதற்குள்ளேயே கிடக்கின்றன. எந்நேரமும் துணிக்கு நடுவே வாழ்கிற ஊர்க்காரர்கள் இதையெல்லாம் எப்படி முடிக்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினேன்.

ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் காதர்பேட்டை. 1920களில் திருப்பூருக்குப் பெயர் வாங்கித் தந்தது கதர். அதே பத்தாண்டில்தான் முதல் பனியன் இயந்திரங்களும் வந்து இறங்கின. விடுதலைப் போராட்டத்தில் கொடிகாத்த குமரன் 1932 ஜனவரியில் தடியடி பட்டு இறந்தது இங்கே. அவர் பிறந்தது பக்கத்து நெசவு ஊரான சென்னிமலையில். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் டி-ஷர்ட் தேடி வந்ததிலிருந்துதான் ஏற்றுமதி தொடங்கியது என்பது ஊரார் சொல்லும் வரலாறு. அதற்கு முன்பு உள்நாட்டுக்கு வெள்ளை உள்பனியன் போட்டுக்கொண்டிருந்த ஊர், 2024-25 நிதியாண்டில் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்திருக்கிறது.

ஏற்றுமதியாகாமல் நின்றவை காதர்பேட்டைக்கு வருகின்றன. அளவு தவறியது, சாயம் ஒரு மாற்றுக் குறைந்தது, பிரிண்ட் நகர்ந்தது, ஆர்டரைவிட அதிகமாக ஓட்டியது. லேபிள் வெட்டப்பட்ட டி-ஷர்ட்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. கேரளத்து வியாபாரி ஒருவர் மலையாளத்தில் விலை கேட்க, கடைப்பையன் தமிழில் பதில் சொல்ல, பேரம் இந்தியில் முடிந்தது. நான் பிட் துணி இருக்கிறதா என்று கேட்டேன்.

“பிட்டுங்களா? என்ன பண்றதுக்குங்க?”

சொன்னேன்.

“அதுக்கு இங்க எதுக்குங்க காசு குடுக்கறீங்க? வேஸ்ட் குடோனுக்குப் போங்க. கேட்ட கலரு அள்ளிக் குடுப்பாங்க.”

கட்டிங் வேஸ்ட் குடோன்கள் ஊரின் எல்லாப் பக்கமும் இருக்கின்றன. மங்கலம் ரோட்டுப் பக்கம் நான் நுழைந்த குடோன், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே கருநீலத்தில் ஒரு மேடு, சிவப்பில் ஒரு மேடு, வெள்ளையில் தனியாக ஒரு மேடு. பனியன் கம்பெனியின் வெட்டு மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே பேட்டர்ன் வைத்து வெட்டும்போது, கழுத்து வளைவும் கைக்குழியும் பக்கவாட்டு இடுக்குகளும் துண்டாக விழுகின்றன. எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும், துணியில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு இப்படிப் போகும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்தத் துண்டுகள்தான் சாக்கில் கட்டி இங்கே வருகின்றன.

மேட்டுக்கு நடுவில் பெண்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்குத்தான் விலை அதிகம்; எதற்கும் உதவும். நிறத்துக்கு ஒரு குவியல், பிரிண்ட் அடித்ததற்கு ஒரு குவியல். லைக்ரா கலந்தது தனியே ஓரமாகப் போகிறது. அந்த ரப்பர் போன்ற இழை, துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும் இயந்திரத்தில் தொல்லை கொடுக்கும். பாலியெஸ்டர் கலப்பையும் விரலாலேயே கண்டுபிடிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் தீக்குச்சி. பருத்தி காகிதம் எரிவதுபோல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நின்றுவிடும். போர்வை தைப்பவர்களுக்கும் இந்தச் சோதனை உதவும். வியர்வை குடிக்காத துணியை நம் ஊர்ப் போர்வையில் வைத்தால் ராத்திரி முழுக்கப் புரள வேண்டியதுதான்.

இங்கிருந்து துண்டுகள் பல வழியாகப் பிரிகின்றன. ஒரு பங்கு, பனியன் வேஸ்ட் என்ற பெயரில் லேத் பட்டறைக்கும் மெக்கானிக் கடைக்கும் எண்ணெய் துடைக்கப் போகிறது. ஒரு பங்கு மலிவுத் தலையணைக்கும் மெத்தைக்கும் உள்ளே போகிறது. பட்டையாக வெட்டி இழுத்தால் பின்னல் துணி தானே சுருண்டு கயிறாகும். அதைக் கோத்துக் கால்மிதி செய்கிறார்கள். தமிழ்நாட்டில் பாதி வீடுகளின் வாசலில் கிடக்கும் பலநிற மிதியடிக்குப் பூர்வீகம் இதுதான். பெரும்பங்கு நூற்பாலைக்குப் போகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

தொழிற்சாலை மிச்சத்திலிருந்து போர்வை பிறந்த ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் இருக்கும் கீஸ் பெண்ட். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைக்கால்சட்டைகளையும் பருத்திச் சாக்கையும் வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு அமைத்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்கு கார்ட்ராய் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஆர்டர் கிடைத்தது. வெட்டி மிஞ்சிய கார்ட்ராய் துண்டுகள் வீட்டுக்கு வந்தன. பச்சையும் தங்க நிறமும் சிவப்புமாக அந்த ஆண்டுகளின் போர்வைகள் பலவும் கார்ட்ராய். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமும் கீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டின. நவீன ஓவியங்களுக்கு நிகராக விமர்சகர்கள் எழுதினார்கள். தைத்தவர்களுக்கு அவை வயல் வேலைக்கும் சமையலுக்கும் நடுவே முடித்த போர்வைகள்.

அப்படி ஒரு போர்வையைத் திருப்பூரில் பார்க்க முடியுமா என்று குடோனில் கேட்டேன். பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், “எங்கக்கா தைக்குமுங்க. வாங்க, காட்டறேன்” என்றார்.

அக்காவின் வீடு, முன்னறையே பட்டறையான வீடு. இதைப் பவர் டேபிள் என்கிறார்கள். கம்பெனியில் வெட்டிய பாகங்களை வாங்கி வந்து தைத்து, டஜன் கணக்கில் திருப்பிக் கொடுக்கும் ஜாப் வொர்க். ஒரு ஓவர்லாக், ஒரு பேட்லாக், ஒரு சிங்கர். வீட்டுக்காரர் மூட்டையை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கொண்டுவந்து இறக்குகிறார். மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார். பிள்ளைகள் இயந்திரச் சத்தத்துக்குள்ளேயே வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, துவைத்து, தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் திங்கள் வந்துவிடும்.

“ஏனுங்க்கா, இதைப் பாக்கவா அவ்வளவு தூரத்துல இருந்து வந்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே கட்டிலுக்கு அடியிலிருந்து போர்வையை எடுத்து உதறினார். தைக்க வரும் பாகங்கள் வெட்டியே வந்துவிடுவதால் பட்டறையில் துண்டு அதிகம் விழுவதில்லை. தங்கை வேலை செய்யும் குடோனிலிருந்து வேண்டியதைக் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்கிறார்.

போர்வை முழுக்க உள்ளங்கை அகலத்தில் குறுக்கு வரிசைகள். மேலிருந்து ஆறேழு வரிசை கருநீலமும் சாம்பலும். பிறகு திடீரென்று ஆரஞ்சு. அதன் கீழே நீளமாக வெள்ளை, பிறகு மறுபடியும் கருப்பு. நிறத்தை இப்படி அடுக்க எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

“நானெங்கீங்க அடுக்கினேன்? மெஷின்ல அன்னைக்கு என்ன நூலு ஏத்தியிருக்கோ அந்தக் கலர் பிட்டு. இதுக்குன்னு நூல் மாத்தறதுக்கு யாருக்குங்க நேரம்?”

கருநீல ஆர்டர் ஓடிய வாரங்களில் கருநீல வரிசை. ஆரஞ்சு ஏதோ ஒரு வெளிநாட்டுப் பள்ளிக்கூட விளையாட்டு உடை. வெள்ளை, வேலை குறைந்து உள்நாட்டு உள்பனியன் தைத்த காலம். அந்தக் குடும்பத்தின் ஒரு வருட வரவுப் புத்தகம் அப்படியே போர்வையில் இருந்தது. டிசைன் வகுப்பில் யாரும் இதைச் சொல்லித் தர முடியாது. நேரமின்மை சொல்லித் தந்திருக்கிறது.

தைக்கும் முறையிலும் அதே கணக்குத்தான். பின்னல் துண்டைப் பின்னல் துண்டோடு நேரடியாக இணைத்தால் ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும், இன்னொன்று அந்தப் பக்கம் சுருளும். கடைசியில் போர்வை அலை அலையாக நிற்கும். அக்கா அடியில் பழைய வேட்டித் துணியை வைத்துக்கொள்கிறார். வேட்டி நெய்த துணி, நீளாது. அதன்மேல் முதல் துண்டை வைத்து, இரண்டாவதைக் கவிழ்த்து வைத்து ஒரு தையல். திருப்பிப் போட்டால் அடுத்த துண்டுக்கு இடம். துண்டுகளைச் சதுரமாக வெட்டிக்கொண்டிருப்பதில்லை. கழுத்து வளைவை நேராக்க ஒரு வெட்டு, அவ்வளவுதான். அயர்ன் கிடையாது. அடர்ந்த சிவப்பையும் கருப்பையும் மட்டும் முன்கூட்டியே தண்ணீரில் போட்டு அலசிவிடுகிறார். சாயம் இறங்கினால் மொத்த உழைப்பும் போச்சு.

எவ்வளவு துணி போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது அங்குல அகலம், தொண்ணூறு அங்குல நீளம் என்றால் ஏறக்குறைய மூன்றரை சதுர மீட்டர். நூற்று எண்பது ஜி.எஸ்.எம். துணிக்கு 630 கிராம். உள்ளங்கை அளவுத் துண்டுகளில் கால் பங்கு தையலுக்குள் மறைந்துவிடும். அதையும் சேர்த்து, வெட்டி எறிவதையும் சேர்த்தால் ஒரு கிலோ. ஓர் ஆளுக்கு ஒரு போர்வை, ஒரு கிலோ பிட். என் வீட்டு மூட்டையைத் தராசில் வைத்தால் எத்தனை போர்வை வரும் என்று யோசித்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

வேட்டியில் அடித்த மேல்பக்கத்துக்கு அடித்துணி ஒரு பருத்திச் சேலை. இரண்டையும் சேர்த்து ஊடே தைப்பதுதான் எல்லோருக்கும் நின்றுபோகிற இடம். அவ்வளவு பெரிய துணியைச் சின்ன இயந்திரத்தின் கைக்குள் சுருட்டித் தள்ள முடியாது. எனக்கும் இந்த இடத்தில்தான் வேலை நிற்கும். அக்காவுக்கு வழி பக்கத்து லைன் வீட்டிலிருந்து வந்தது. அங்கே பீகாரிலிருந்து வந்த குடும்பம் குடியிருக்கிறது. பனியன் கம்பெனிகளில் இன்று பெரும் எண்ணிக்கையில் வேலை செய்பவர்கள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்காரர்கள். பீகாரில் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுப் பிறந்த பிள்ளைக்கு விரிப்பு செய்யும் சுஜனி என்ற வழக்கம் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது அம்மாவிடம் பார்த்த வேலை. மின்சாரம் நின்ற ஒரு மத்தியானம் இரண்டு பேரும் போர்வையைத் தரையில் விரித்து, நான்கு முனையிலும் அரிசி டப்பாவை வைத்து, ஆளுக்கொரு பக்கம் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டுக்கொண்டே போனார்களாம். பேச்சு அரைத் தமிழ், அரை இந்தி. பிறகு அந்தப் பெண்ணுக்கும் ஒரு போர்வை ஆகியிருக்கிறது. மேல்பக்கம் இவருடைய இயந்திரத்தில், ஊடுதையல் அவருடைய ஊசியில்.

“துணிக்கு இந்த ஊருல பஞ்சமுங்களா? மூட்டை மூட்டையாக் கெடக்குது. உக்காரத்தானுங்க நேரமில்ல” என்றார் அக்கா, போர்வையை மடித்துக்கொண்டே. மாமியார் திண்ணையிலிருந்தபடி, “அதெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு வரிசை கண்ணு. ரெண்டு வரிசைக்கு ஆசைப்பட்டா சோறு கரிஞ்சு போயிரும்” என்றார். இந்த வீட்டின் சட்டம் அதுதான் போலிருக்கிறது.

மறுநாள் காங்கயம் வழியாக வெள்ளகோயில். திருப்பூரின் வெட்டுத்துண்டு மறுபிறவி எடுக்கும் ஊர்களில் ஒன்று. நிறம் நிறமாகப் பிரித்து வந்த துண்டுகளைக் கத்தி இயந்திரம் பொடியாக நறுக்குகிறது. முள் உருளைகள் அதைக் கிழித்துப் பஞ்சாக்குகின்றன. கிழித்த இழை குட்டையாக இருப்பதால், புதுப் பஞ்சோ பாலியெஸ்டரோ கலந்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு இயந்திரத்தில் தடித்த நூலாக நூற்கிறார்கள். லுங்கி, போர்வை, ஜமுக்காளம், துடைக்கும் துணி எல்லாவற்றுக்கும் இந்த நூல் போகிறது. கருநீலத் துண்டிலிருந்து கருநீல நூல். மறுபடி சாயம் போட வேண்டியதில்லை.

சாயத்தின் விலையை இந்தப் பகுதி நன்றாகவே அறியும். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்த பிறகே அவை மறுபடி ஓடத் தொடங்கின. அக்காவின் போர்வையில் இருக்கும் ஒவ்வொரு ஆரஞ்சுத் துண்டுக்கும் ஆறு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. அதைக் குப்பையில் போடாமல் இருப்பதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

வெள்ளகோயிலிலிருந்து அதே சாலையில் இன்னும் கிழக்கே போனால் கரூர். படுக்கை விரிப்பும் சமையலறைத் துணியும் மேசைத் துணியும் ஏற்றுமதி செய்யும் ஊர். இங்கே பல ஊசிகள் வரிசையாக நிற்கும் இயந்திரத்தில், மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் ஒருபக்கம் உள்ளே போய் மறுபக்கம் ஊடுதைத்த போர்வையாக வெளியே வருகின்றன. வீட்டில் மாதக்கணக்கில் நிற்கிற வேலை கண்ணெதிரே நிமிடத்தில் முடிகிறது. ஒரு கடையில் எடுத்துப் பார்த்த விரிப்பில், ஒட்டுத் துண்டுகள் இணைத்ததுபோல அச்சு மட்டும் அடித்திருந்தார்கள். தொட்டால் ஒரே துணி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் யாருடைய வருடமும் இல்லை.

என் போர்வைக்கு அடித்துணியை அங்கே வாங்கவில்லை. திரும்பும் வழியில் சென்னிமலையில் இறங்கி, கூட்டுறவுக் கடையில் கைத்தறிப் போர்வை ஒன்று வாங்கினேன். மேலே என் வீட்டுப் பிள்ளைகளின் டி-ஷர்ட், கீழே சென்னிமலைத் தறி. நடுவே பஞ்சு வேண்டாம் என்று முடிவு செய்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கும் மார்கழி விடியலுக்கும் இரண்டடுக்குத் துணி போதும். துவைத்துக் கொடியில் போட்டால் ஒரே வெயிலில் காய்ந்துவிடும்.

திருப்பூர் தன் மிச்சத்தை வீணாக்குவதில்லை. விழுந்த துண்டை நிறம் பார்த்து, தரம் பார்த்து, எடை போட்டு, நாலைந்து நாளில் வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறது. எந்தத் துண்டும் ‘என்றைக்காவது உதவும்’ என்று அங்கே மூலையில் கிடப்பதில்லை. துணி தேங்கிக் கிடப்பது நம் வீடுகளில்தான். நாம் துணி சேர்ப்பதைத் தையல் வேலையில் ஒரு பகுதியாகவே நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பவர் டேபிள் வீட்டில் பார்த்தபிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூட்டையில் இருப்பது வெறும் எடை. தைத்து மூடிக்கொண்டால்தான் போர்வை.

ஆகவே, அலமாரியில் இப்படி ஒரு மூட்டை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. புதிதாக ஒரு பிட்டும் வாங்க வேண்டாம். இருப்பதில் ஒரு கிலோவை மட்டும் எடை போட்டு வெளியே எடுங்கள். மீதியைக் கட்டி வையுங்கள், அல்லது தைக்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பழைய வேட்டி ஒன்றை அடியில் போடுங்கள். இயந்திரத்தில் என்ன நூல் இருக்கிறதோ அந்த நூலிலேயே தொடங்குங்கள். ஊடுதையலுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு துணையைப் பிடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வரிசை; அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். உலை வைத்துவிட்டு உட்கார்ந்தால், சோறு வேகும் நேரத்தில் ஒரு வரிசை முடிந்துவிடும்.